ஒரு கார்பன் கூடிய மிட்டாய்: டோக்கியோ பூங்காவில் நடந்த எச்எச்சிஎச் நிகழ்வு

2023 நவம்பர் 4, சனிக்கிழமை. டோக்கியோவின் மேற்கே கொகானேய் நகரில், முசாஷினோ பூங்காவை ஒட்டிய புல்வெளியில் உள்ளூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பாட்டு, சாப்பாட்டுக் கடைகள், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அங்கே நாற்பதுகளில் இருந்த ஒருவர் தன்னிடம் இருந்த ஜெல்லி மிட்டாய்களை வந்திருந்தவர்களுக்குக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், ஐந்து பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர்களில் பதின்ம வயதினரும் உண்டு, ஐம்பதுகளைத் தொட்டவரும் உண்டு. யாருக்கும் உயிராபத்து ஏற்படவில்லை.

அந்த மிட்டாயில் இருந்தது எச்எச்சிஎச் என்ற கன்னாபினாய்டு, அதாவது கஞ்சாச் செடியின் போதைப் பொருளுக்கு உறவான ஒரு வேதிப்பொருள். அன்றைய தேதியில் ஜப்பானில் அது தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கலாம். நான்கு வாரத்தில் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றானது. இந்த நான்கு வாரத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் வரிசையாகப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு. சம்பந்தப்பட்ட தனிநபர்களின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இதில் இல்லை.

பின்னணி: சட்டம் எங்கே நின்றது

ஜப்பானின் கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-ஆம் ஆண்டினுடையது. அது செடியின் பாகங்களை வைத்து எழுதப்பட்டது. பூவும் இலையும் தடை, முற்றிய தண்டும் விதையும் தடையில்லை. நார் எடுக்கும் விவசாயிகளுக்காகவும் விதையை உணவில் சேர்க்கும் பழக்கத்துக்காகவும் விட்ட விலக்கு அது. பல ஆண்டுகள் கழித்து அந்த விலக்கின் வழியாகத்தான், கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்ற வேதிப்பொருள் கலந்த எண்ணெய் கடைகளுக்கு வந்தது. சிபிடி போதை தராது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் என்று சொல்லி விற்றார்கள். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் இதற்கென்றே கடைகள் முளைத்தன.

சிபிடி விற்கும் அலமாரியிலேயே, அதே மாதிரி உறையில், போதை தரும் உறவினர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு மாற்றமும் காரணம். 2018 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க வேளாண் சட்டம், கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருளான டெல்டா-9 டிஎச்சி உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று வகைப்படுத்திப் பயிரிட அனுமதித்தது. சிபிடி மலைபோல் குவிந்து விலை சரிந்தது. சிபிடியை அமிலத்தோடு வினைபுரிய வைத்தால் டெல்டா-8 டிஎச்சி கிடைக்கும். வினையூக்கியின் உதவியோடு டிஎச்சியில் ஹைட்ரஜனை ஏற்றினால் எச்எச்சி கிடைக்கும். இரண்டுமே போதை தரும், இரண்டுமே சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாதவை. 2022 மே மாதம் டென்மார்க்கில் பிடிபட்ட சரக்கில்தான் ஐரோப்பா எச்எச்சியை முதன்முதலில் பதிவு செய்தது. ஒரு வருடத்துக்குள் அது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் தென்பட்டது.

ஜப்பான் 2022 மார்ச்சிலேயே எச்எச்சியைக் ‘குறிப்பிட்ட போதைப்பொருள்’ பட்டியலில் சேர்த்துவிட்டது. மருந்துச் சட்டத்தின் கீழ் வரும் பட்டியல் இது. இதில் உள்ளதை வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம். வியாபாரமாகச் செய்தால் ஐந்து ஆண்டு, 50 லட்சம் யென். கடுமையான சட்டம்தான். ஆனால் எச்எச்சி என்று பெயர் எழுதினால் எச்எச்சிக்கு மட்டும்தான் பொருந்தும். கடைக்காரர்கள் அடுத்த பெயருக்குப் போனார்கள். 2023 ஆகஸ்டில் டிஎச்சியின் இன்னொரு உறவான டிஎச்சிஎச் தடையானது. அதன் இடத்துக்கு எச்எச்சிஎச் வந்தது.

எச்எச்சிஎச் என்றால் என்ன

பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் குழப்பம் வரும், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். டிஎச்சி மூலக்கூறுக்கு ஒரு வால் உண்டு, ஐந்து கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோர்த்த சங்கிலி. எச்எச்சிக்கும் அதே ஐந்து. டிஎச்சிஎச் என்பது அந்த வாலில் ஆறு கார்பன் உள்ள டிஎச்சி. எச்எச்சிஎச் என்பது ஆறு கார்பன் உள்ள எச்எச்சி. ஒரு கார்பனும் அதோடு சேர்ந்த இரண்டு ஹைட்ரஜனும் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். பட்டியலில் எச்எச்சி இருக்கிறது, எச்எச்சிஎச் இல்லை. இந்த இடைவெளியில்தான் அந்த மிட்டாய் விற்பனைக்கு வந்தது.

வாலில் ஒரு கார்பன் கூடுவது சின்ன விஷயம் அல்ல. மூளையில் சிபி1 என்ற ஏற்பி இருக்கிறது, டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. அந்த ஏற்பியில் வாலுக்கென்று ஒரு பள்ளம் உண்டு. வால் ஓரளவு நீள நீள அதில் இறுக்கமாகப் பொருந்தும். 2019-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கஞ்சாச் செடியிலேயே ஏழு கார்பன் வால் உள்ள டிஎச்சிபியைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகச் சோதனையில் அது சிபி1 ஏற்பியோடு டிஎச்சியைவிடச் சுமார் 30 மடங்கு இறுக்கமாக ஒட்டியது. ஒட்டும் இறுக்கமும் மனிதருக்கு ஏறும் போதையும் ஒரே கணக்கில் போகாது, 30 மடங்கு போதை என்று விளம்பரம் செய்வது பொய். ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

இதில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஆறு கார்பன் வால் புதிதே அல்ல. அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ் 1940-இல் எச்எச்சியைத் தயாரித்தார். அதே காலகட்டத்தில் அவருடைய குழு ஆறு கார்பன் வால் உள்ள செயற்கைக் கன்னாபினாய்டு ஒன்றையும் செய்தது. பாராஹெக்சில் என்று அதற்குப் பெயர். ஐந்து கார்பன் உள்ளதைவிட வீரியம் அதிகம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மனச்சோர்வுக்கு மருந்தாகக் கொடுத்துக்கூடப் பார்த்தார்கள். பிறகு ஐ.நா.வின் 1971-ஆம் ஆண்டு உளமாற்றப் பொருள் உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் அது இடம்பெற்றது. ஆறு கார்பன் வாலின் வேலை எண்பது வருடமாகத் தெரிந்த வேலை. அதைத் தெரிந்துகொண்டுதான் எச்எச்சிக்கு அந்த வாலை மாட்டினார்கள்.

உறைகளில் ‘ஹெம்ப்பிலிருந்து பெறப்பட்டது’ என்று போட்டு விற்கப்படும் பொருள்கள் இவை. ஆறு கார்பன் வால் உள்ள கன்னாபினாய்டுகள் செடியில் துளித்துளியாகத்தான் இருக்கும். மிட்டாய் மிட்டாயாகச் செய்து விற்கும் அளவுக்குச் செடியிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது. ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். செய்யும்போது மிஞ்சும் துணைப்பொருள்கள், வினையூக்கி உலோகத்தின் எச்சம் ஆகியவையும் கூடவே வரலாம். மனிதர்களிடம் முறையான பாதுகாப்புச் சோதனை நடத்தப்படாமலே கடைக்கு வந்த பொருள் இது. அதை முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் வாங்கிச் சாப்பிட்டவர்களே.

நவம்பர் 4-இல் கவனிக்கப்பட்டவை

திருவிழாவில் மிட்டாய் வாங்கியவர்களுக்குக் குமட்டல், வாந்தி என்று புகார்கள் தொடங்கின. போலீஸ் வந்தது. மிட்டாய் கொடுத்தவர் ஒளிந்து ஓடும் ஆளாக இல்லை. கடையில் கிடைக்கும் பொருளைத்தான் கொடுத்திருந்தார். உறையில் எச்எச்சிஎச் என்று எழுதியே இருந்தது. மறைத்து எதுவும் கலக்கவில்லை. ஆனால் அந்த எழுத்துகளைப் படித்தவுடன் இது போதைப்பொருள் என்று புரிந்துகொள்ள ஒரு வேதியியலாளரால்தான் முடியும். உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தால் அந்த எழுத்துகளும் கண்ணில் படாது. பார்வைக்கு அது குழந்தைகள் சாப்பிடும் அதே ஜெல்லி மிட்டாய்தான்.

சாப்பிடும் கன்னாபினாய்டு உடலில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட சம்பவங்களில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், போதும் என்று நிறுத்தலாம். வயிற்றுக்குள் போனது குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அதற்குப் பிறகுதான் மூளைக்கு வரும். அரை மணி நேரமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். கல்லீரல் டிஎச்சியை அதே அளவு, சில நேரம் அதைவிட அதிக வீரியமுள்ள இன்னொரு பொருளாக மாற்றி அனுப்புகிறது. அதனால் சாப்பிட்டவருக்கு முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே தெரியாது. மிட்டாய் இனிப்பாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, சரி இன்னொன்று சாப்பிடலாம் என்று தோன்றும். இரண்டாவது உள்ளே போன பிறகு முதலாவது வேலையைத் தொடங்கும். இதயம் படபடக்கும், நிற்க முடியாமல் தலை சுற்றும், வாந்தி வரும், செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் வரும். மணிக்கணக்கில் நீடிக்கும், நடுவில் நிறுத்த வழியில்லை.

கஞ்சாவே தொடாத ஒருவருக்கு, தான் சாப்பிட்டது என்னவென்று தெரியாத நிலையில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பூங்காவில் யாரோ ஒரு மிட்டாய் கொடுத்தார், இப்போது கைகால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதுதான். பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இது நேர்ந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

மருத்துவமனையில் கொடுக்க இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. அமைதியான அறை, திரவம் ஏற்றுவது, இதயத் துடிப்பைக் கண்காணிப்பது, பதற்றம் கட்டுக்கடங்காமல் போனால் அமைதிப்படுத்தும் மருந்து. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை டிஎச்சியின் சிதைபொருளைத் தேடும்படி அமைந்தது. எச்எச்சி வகையறாவை அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பரிசோதனையில் இல்லை என்று வந்ததால் சாப்பிடவில்லை என்று ஆகிவிடாது. ஆகவே மிட்டாயின் உறையோ மிச்சத் துண்டோ கையோடு வருவதுதான் மருத்துவருக்கு உண்மையில் உதவும்.

அதே நவம்பரில் டோக்கியோவின் வேறு பகுதிகளிலும் இதே போன்ற மிட்டாயைச் சாப்பிட்ட இளைஞர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். திருவிழாவில் நடந்தது ஒரு தனிச் சம்பவம் என்று யாரும் சொல்ல முடியாத நிலை வந்தது.

விசாரணையும் எடுத்த முடிவுகளும்

மிட்டாயைத் தயாரித்தது ஒசாகாவில் உள்ள ஒரு நிறுவனம் என்று தெரியவந்தது. சுகாதார அமைச்சகத்தின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நவம்பர் நடுவில் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் கடைகளுக்கும் நிறுவனத்துக்கும் போய்ச் சோதித்தார்கள். விற்பனையை நிறுத்தவும் உத்தரவானது. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் தயாரித்தோம் என்பது நிறுவனத்தின் நிலை. எழுத்துப்படி பார்த்தால் அதில் தவறு சொல்ல முடியாது, அதுதான் இந்த நிகழ்வின் மையப் பிரச்சினை.

அமைச்சகத்தின் முன் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எச்எச்சிஎச்சை மட்டும் பெயர் சொல்லித் தடை செய்வது. வேகமாக முடியும், ஆனால் கடைக்காரர் வேறு வால் உள்ள அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். இன்னொன்று, இதே அடிப்படை மூலக்கூறு அமைப்பும் வெவ்வேறு நீள வாலும் உள்ள எல்லாவற்றையும் குடும்பமாகச் சேர்த்துத் தடை செய்வது. அதற்கு நேரம் பிடிக்கும். எந்த அமைப்பு வரை தடை, எங்கே நிற்கும் என்று வரையறுக்க வேண்டும், தவறினால் மருந்து ஆராய்ச்சியில் இருக்கும் பொருளும் சிக்கும். அப்போதைய சுகாதார அமைச்சர் கெய்சோ தகேமி இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும் பாதையில் போனார். எச்எச்சிஎச் தடை நவம்பர் 22-இல் முடிவாகி டிசம்பர் 2-இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தடை 2024 ஜனவரியில் வந்தது.

என் பார்வையில் இந்த வரிசை சரியானது. கடையில் பொருள் இருக்கும்போது முழுமையான வரையறைக்காகக் காத்திருக்க முடியாது. இடையில் இருந்த பத்து நாளைக் குறை சொல்பவர்கள் உண்டு. டிசம்பர் 2 முதல் வீட்டு அலமாரியில் ஒரு மிட்டாய் இருந்தாலே குற்றம் என்பதை மறந்துவிடக் கூடாது. நேற்று சட்டப்படி வாங்கியவர் இன்று குற்றவாளி ஆகாமல் இருக்க அவருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பத்து நாள் அதிகமில்லை.

ஆனால் குடும்பத் தடை ஏன் 2022 மார்ச்சிலேயே வரவில்லை என்ற கேள்விக்கு நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜப்பானுக்கு இந்த முறை புதிதல்ல. செயற்கைக் கன்னாபினாய்டு தூவிய ‘மூலிகைப் பொட்டலங்கள்’ பெருகியபோது 2013-இல் அவற்றை அமைப்பு வாரியாக மொத்தமாகத் தடை செய்தது இதே அமைச்சகம்தான். எச்எச்சியைப் பட்டியலில் சேர்த்த நாளில் அதன் வாலை நீட்டலாம், குறைக்கலாம் என்பது எல்லா வேதியியலாளருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நடந்தவை

இந்தச் சம்பவம் நடந்த நேரத்தில் 1948 சட்டத்தைத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தது. மிட்டாய்க்காக வந்த மசோதா அல்ல, பல ஆண்டு ஆலோசனையின் முடிவு. 2023 டிசம்பர் 6-இல் நிறைவேறி, 2024 டிசம்பர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. கஞ்சாவிலிருந்து செய்யும் மருந்துகளுக்கு வழி திறந்தது. அதுவரை வைத்திருப்பதுதான் குற்றம், பயன்படுத்துவது குற்றமாக இல்லை. அதையும் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாக்கியது. தண்டு, இலை என்று பாகம் பார்க்கும் முறை போய், பொருளில் எவ்வளவு டிஎச்சி இருக்கிறது என்று அளக்கும் முறை வந்தது. எண்ணெயிலும் பொடியிலும் பத்து லட்சத்தில் 10 பங்கு, பானங்களில் 0.1 பங்கு, மற்றவற்றில் 1 பங்கு என்பது வரம்பு. சிபிடி விற்பவர்கள் பலர் இந்த வரம்பு தாங்காது என்று புலம்பினார்கள். உண்மையில் நோய்க்காகச் சிபிடி எண்ணெயை நம்பியிருந்த குடும்பங்களின் கவலை நியாயமானது. போதை மிட்டாய் விற்றவர்கள் செய்ததன் விலையை அவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் ஓடியது. டெல்டா-8 டிஎச்சி தொடர்பாக 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை அந்நாட்டு நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு 2,362 அழைப்புகள் வந்தன என்று உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்டது. அவற்றில் 41 சதவீதம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றியது. 70 சதவீதம் பேருக்கு மருத்துவமனைப் பரிசோதனை தேவைப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது. தெரியாமல் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். மிட்டாய் வடிவத்தில் செய்தால் குழந்தை மிட்டாய் என்றுதான் எடுக்கும். 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டத்தில் அமெரிக்கா ஹெம்ப் வரையறையையே மாற்றியது. ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு, செடிக்கு வெளியே தயாரான கன்னாபினாய்டுகளும், ஒரு பெட்டிக்கு மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி உள்ள பொருள்களும் ஹெம்ப் என்ற பெயரில் விற்க முடியாது.

எதை மாற்றலாம்

முதலில் சட்டம். பெயர் சொல்லித் தடை செய்வது எப்போதும் சந்தைக்குப் பின்னால்தான் ஓடும். அயர்லாந்து 2010-இலும் பிரிட்டன் 2016-இலும் மனத்தை மாற்றும் விளைவை வைத்தே தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தன. சிங்கப்பூர் 2024 ஜூன் முதல் அதே வழியில் போகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளை உட்கொண்டாலும் ஊர் திரும்பியதும் வழக்கு வரலாம். பயணத்தின்போது கடையில் சட்டப்படி விற்கும் ஜெல்லி மிட்டாயை எடுத்து வாயில் போடும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும்? விளைவை வைத்துத் தடை செய்வதிலும் சிக்கல் இருக்கிறது. விளைவை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், எல்லை எங்கே என்பது தெளிவாக இருக்காது. அமைப்பு வாரியான குடும்பத் தடையும் விளைவுத் தடையும் ஒன்றையொன்று தாங்கும்படி இருப்பதே நல்லது.

இரண்டாவது, வடிவம். போதை தரும் எந்தப் பொருளையும் மிட்டாயாகச் செய்து விற்பதை, அந்தப் பொருள் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே நிறுத்தலாம். கொகானேயில் யாரும் வேதிப்பொருள் ஒன்றைத் தேடிப் போய்ச் சாப்பிடவில்லை. மிட்டாய் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது, தனிமனிதர் செய்யக்கூடியது. உறையில் ஹெம்ப் என்றோ, எச்எச்சி, டிஎச்சி என்ற எழுத்துகளோடு கூட ஓரிரு எழுத்துச் சேர்ந்தோ இருந்தால், அது போதைப்பொருள் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்குவது பாதுகாப்பு. அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவதை எடுக்காமல், வண்டி ஓட்டாமல், கூட ஒருவரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மயக்கம், நெஞ்சு வலி, அடங்காத வாந்தி, சுவாசத்தில் மாற்றம் எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை சாப்பிட்டிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது, ஏனென்றால் சின்ன உடம்பில் அது மூச்சையே மந்தமாக்கும். என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். போலீஸ் பயத்தில் மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

2025 மார்ச்சில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் எச்எச்சியை 1971 உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கப்பட்டது ஐந்து கார்பன் வால் உள்ள எச்எச்சி மட்டும். கொகானேயில் ஐந்து பேரை மருத்துவமனைக்கு அனுப்பிய ஆறு கார்பன் எச்எச்சிஎச் அந்த முடிவில் இடம்பெறவில்லை.